கதவு மூடுவதற்கு முன்னால்: வாழைக்காயும் ரீஃபர் கண்டெய்னரும்

லண்டனின் ஈஸ்ட் ஹாமிலும் டொராண்டோவின் ஸ்கார்பரோவிலும் உள்ள தமிழர் மளிகைக் கடைகளில் உறைபெட்டியைத் திறந்தால் துருவிய தேங்காய், நறுக்கிய முருங்கைக்காய், பலாச்சுளை, வஞ்சிரத் துண்டு, தோலுரித்த இறால் என்று ஊர்ச் சரக்கு அடுக்கடுக்காக இருக்கும். அதே கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் மஞ்சளாகக் கிடக்கும் வாழைச் சீப்பில் ஒட்டிய சிறு வில்லையைப் பார்த்தால் பெரும்பாலும் ஈக்வடார், கொலம்பியா, கோஸ்டா ரிகா என்று போட்டிருக்கும். உலகில் விளையும் வாழையில் ஏறக்குறைய கால் பங்கு இந்தியாவில் விளைகிறது. உலக ஏற்றுமதியில் இந்தியாவின் பங்கோ அண்மைக்காலம் வரை நூற்றுக்கு ஒன்றைச் சுற்றியே இருந்தது. விளைச்சலில் இந்தியாவுக்கு வெகுதூரம் பின்னால் நிற்கும் ஈக்வடார்தான் ஏற்றுமதியில் முதலிடம். இறாலையும் தேங்காயையும் கடல் தாண்டி அனுப்பத் தெரிந்த நாட்டுக்கு வாழைக்காய் மட்டும் ஏன் கைகூடவில்லை? ரீஃபர் கண்டெய்னர் என்னும் குளிர்ப்பெட்டி போதவில்லை, துறைமுகத்தில் அவற்றுக்கு மின் இணைப்பு போதவில்லை, குளிர்கிடங்கு இல்லை, ஐரோப்பா தூரம் என்பவை வழக்கமாகச் சொல்லப்படும் பதில்கள். எதுவும் முழுப்பொய் இல்லை. ஆனால் இந்தப் பதில்கள் எல்லாமே குளிரை இயந்திரத்தின் விஷயமாக மட்டும் பார்க்கின்றன. குளிர்க் கப்பல் வணிகத்தின் நூற்று நாற்பது ஆண்டு வரலாறு வேறொன்றைக் காட்டுகிறது. கண்டெய்னரின் கதவு மூடப்படும் நேரத்தில் உள்ளே இருக்கும் சரக்கின் வயது என்ன என்று தெரிந்தவர்களே இந்த வணிகத்தில் நிலைத்திருக்கிறார்கள் என்பது என் வாதம்.

முதலில் அந்தப் பெட்டியைப் புரிந்துகொள்ள வேண்டும். நாற்பதடி ரீஃபரின் ஒரு முனையில் குளிரூட்டும் இயந்திரம் பொருத்தியிருக்கும், மறுமுனையில் கதவு. தரையில் 'டி' எழுத்து வடிவ அலுமினியத் தண்டவாளங்கள் நீளவாக்கில் ஓடும். இயந்திரம் குளிர்காற்றை அந்தத் தண்டவாளங்களின் இடுக்கில் அடிவழியாகத் தள்ளும். காற்று அட்டைப்பெட்டிகளின் துளைகள் வழியே மேலேறி, கூரையை ஒட்டித் திரும்பி, மறுபடி இயந்திரத்துக்குள் போகும். சுவரில் ஒரு சிவப்புக் கோடு இருக்கும். அதற்கு மேலே சரக்கை அடுக்கினால் காற்று திரும்பும் வழி அடைபட்டுவிடும். லாரியில் போகும்போது ஜென்செட், துறைமுகத்திலும் கப்பலிலும் மூன்று பேஸ் மின்சாரம் என்று வழி நெடுக அதற்கு மின்சாரம் வேண்டும். வாழைக்கு 13 முதல் 14 டிகிரி, உறைந்த இறாலுக்கு மைனஸ் 18 என்று ஏற்றுமதியாளர் கேட்கும் அளவை இயந்திரத்தில் பதிவார்கள். ஆனால் இயந்திரம் உறுதி தருவது தான் ஊதும் காற்றின் வெப்பத்துக்குத்தான். பெட்டிக்குள் இருக்கும் காயின் வெப்பத்துக்கு அல்ல. கப்பல் கம்பெனிகளின் கையேடுகளும் ஒப்பந்த நிபந்தனைகளும் இதை ஒளிக்கவில்லை. சரக்கைக் கேட்ட வெப்பநிலைக்குக் குளிரவைத்துக் கொண்டுவருவது அனுப்புகிறவரின் பொறுப்பு, இந்தப் பெட்டி குளிரைக் காப்பதற்கானது, குளிரவைப்பதற்கானது அல்ல என்று தெளிவாகவே எழுதியிருக்கும்.

ஏன் அப்படி என்பதற்குச் சின்னக் கணக்கு ஒன்று போதும். உலக வாழை வணிகத்தில் ஒரு அட்டைப்பெட்டி 18.14 கிலோ, அதாவது நாற்பது பவுண்டு. நாற்பதடி ரீஃபரில் 1,080 பெட்டி அடங்கும். கிட்டத்தட்ட இருபது டன். அந்த இருபது டன்னை 30 டிகிரியில் இருந்து 13.5 டிகிரிக்கு இறக்க வேண்டுமானால், நம் மின் மீட்டர்க் கணக்கில் சொன்னால், சுமார் 300 யூனிட் அளவு வெப்பத்தை வெளியே எடுக்க வேண்டும். இயந்திரத்தின் குளிரூட்டும் திறன் மணிக்குப் பத்து யூனிட் போல என்று வைத்துக்கொண்டால், காற்று ஒவ்வொரு காயையும் சரியாகத் தொட்டாலும் ஒன்றே கால் நாள். நெருக்கமாக அடுக்கிய பெட்டிகளின் நடுவில் காற்று அப்படித் தொடுவதில்லை; நடைமுறையில் இரண்டு, மூன்று நாள் ஆகும். அதற்குள் காய் சும்மா இருப்பதில்லை. வெட்டிய வாழைக்காய் உயிருள்ள பொருள். மூச்சு விடுகிறது, மூச்சில் வெப்பம் வெளியிடுகிறது. வெப்பநிலை பத்து டிகிரி கூடினால் மூச்சின் வேகம் இரண்டு, மூன்று மடங்காகும். அப்படியென்றால் வெட்டிய தார் மர நிழலில் 33 டிகிரியில் ஒரு நாள் கிடந்தால், கப்பலில் 13 டிகிரியில் கழிக்கவேண்டிய நாலைந்து நாளை அது அங்கேயே தின்று தீர்த்துவிடுகிறது. குளிர் அதன் கடிகாரத்தை மெதுவாக்கும்; ஒருபோதும் பின்னோக்கித் திருப்பாது. சரி, அதிகமாகக் குளிரவைத்துச் சரிக்கட்டலாமா என்றால் அதற்கும் வழியில்லை. 13 டிகிரிக்குக் கீழே போனால் வாழைக்கு அடிபடும். வெளியே பார்த்தால் பச்சை சற்று மங்கியதுபோல் மட்டும் இருக்கும். நகத்தால் தோலை மெல்லச் சீவினால் உள்நரம்புகளில் பழுப்புக் கோடுகள் ஓடியிருப்பது தெரியும். அந்தக் காய் பிறகு மஞ்சளாகாது. சாம்பல் பூத்தாற்போல் பழுக்கும்.

இப்போது இறாலைப் பாருங்கள். அங்கே உயிர் இல்லை. ஐஸில் போட்டு ஆலைக்கு வந்த இறால் மைனஸ் 40 டிகிரியை ஒட்டிய உறைகருவியில் சில மணி நேரத்தில் கல்லாகிறது. அதற்கு மேல் கண்டெய்னர் செய்யவேண்டியது காவல் மட்டும். 1953இல் கொச்சியில் இருந்து அமெரிக்காவுக்கு முதல் உறைந்த இறால் போனதில் தொடங்கிய வணிகம், 2023-24இல் 17.8 லட்சம் டன் கடல் உணவு ஏற்றுமதியாக வளர்ந்திருக்கிறது. அதில் உறைந்த இறால் மட்டும் ஏழு லட்சம் டன்னுக்கு மேல். உறைதலே இந்த வெற்றிக்குக் காரணம் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் உறைதல் மட்டுமே காரணம் என்றால் 1997இல் நடந்ததற்கு விளக்கம் இல்லை. அந்த ஆண்டு ஐரோப்பிய ஒன்றியம் இந்தியக் கடல் உணவுக்குத் தடை போட்டது. சரக்கு உறைந்துதான் போனது, கப்பலும் நன்றாகத்தான் ஓடியது. குற்றம் கண்டெய்னருக்கு முந்தைய இடங்களில்: ஆலைகளிலும், தோலுரிக்கும் கொட்டகைகளிலும், அங்கே பயன்படுத்திய தண்ணீரிலும் ஐஸிலும். அதன் பிறகு ஆலைகள் தங்களைத் திருத்திக்கொண்டன. படிப்படியாகச் சோதித்துப் பதிவுசெய்யும் முறை வந்தது. 2009க்குப் பிறகு வனாமி இறால் வந்ததும் இன்னொன்றும் சேர்ந்தது. ஒரு குளத்தில் குஞ்சுகளை ஒரே நாளில் விடுகிறார்கள்; அறுவடையும் ஓரிரு நாளில் முடிகிறது. கிலோவுக்கு எத்தனை என்ற 'கவுண்ட்' முன்கூட்டியே தெரியும், விலையும் அதை வைத்துத்தான். ஒரு குளத்து இறாலுக்கெல்லாம் ஒரே வயது. இந்தக் கடைசி விஷயம் வாழைக்கு மிகவும் பொருந்தும்.

வரலாற்றில் கொஞ்சம் பின்னால் போனால் இதே பாடம் இறைச்சியிலும் கிடைக்கிறது. 1873இல் மெல்போர்னில் இருந்து ஜேம்ஸ் ஹாரிசன் 'நார்ஃபோக்' கப்பலில் அனுப்பிய இறைச்சி லண்டனுக்குக் கெட்டுப்போய்ச் சேர்ந்தது. 1876இல் தாமஸ் மோர்ட் 'நார்தம்' கப்பலில் அமைத்த இயந்திரம் புறப்படும் முன்பே பழுதாகி, இறைச்சி ஏறவே இல்லை. அதே ஆண்டு சார்ல் தெலியேவின் 'ஃப்ரிகோரிஃபிக்' பிரான்சில் இருந்து புவெனஸ் அயர்ஸுக்கு நூற்றுச் சொச்சம் நாளில் இறைச்சியைக் கொண்டுபோனது. அடுத்து 'பராகுவே', 'ஸ்ட்ராத்லீவன்' என்று வெற்றிகள் வந்தன. ஆனால் ஒரு நாட்டின் பொருளாதாரத்தையே மாற்றிய பயணம் நியூசிலாந்தில் இருந்து 1882 பிப்ரவரி 15 அன்று புறப்பட்ட 'டனீடின்' கப்பலுடையது. பாய்மரக் கப்பலில் பெல்-கோல்மன் குளிர்காற்று இயந்திரம். நாலாயிரத்துச் சொச்சம் ஆட்டிறைச்சி உடல்கள், அறுநூறு அளவில் குட்டி ஆடுகள். 98 நாள் பயணம். வெப்பமண்டலக் கடலில் காற்று அறைக்குள் சரியாகச் சுழலவில்லை என்று கண்ட கேப்டன் விட்சன், பிரதான காற்றுக்குழாய்க்குள் தவழ்ந்துபோய்க் கூடுதல் துளை அறுத்தார். உள்ளேயே விறைத்துப்போன அவரைக் காலில் கயிறு கட்டி மாலுமிகள் இழுத்தெடுத்தார்கள். லண்டனில் ஒரேயொரு உடல்தான் கழிக்கப்பட்டது.

கேப்டனின் துணிச்சலே எல்லாப் புத்தகங்களிலும் வருகிறது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது கப்பலுக்கு வெளியே நடந்த வேலை. அந்தச் சரக்கை அனுப்பிய நிலக் கம்பெனியின் நிர்வாகி வில்லியம் டேவிட்சனும் நியூசிலாந்தில் அதன் கண்காணிப்பாளராக இருந்த தாமஸ் பிரைடனும் கப்பலை மட்டும் வாடகைக்குப் பிடிக்கவில்லை. ஓமரு அருகே டொட்டாரா பண்ணையில் ஏற்றுமதிக்கென்றே ஆடறுக்கும் கூடம் கட்டினார்கள். ஆடுகளை அங்கேயே தேர்ந்தெடுத்து அறுத்து, ஆறவைத்து, ஐஸ் வைத்த ரயில் பெட்டியில் போர்ட் சால்மர்ஸ் துறைமுகத்துக்கு அனுப்பினார்கள். எந்த ஆடு, எப்போது அறுத்தது, எவ்வளவு நேரத்தில் கப்பலேறியது என்ற மூன்றும் ஒரே கையில் இருந்தன. ஏற்றிக்கொண்டிருந்தபோதே இயந்திரத்தின் தண்டு முறிந்தது. அதுவரை ஏற்றிய உடல்களை அப்படியே கொண்டுபோகாமல் இறக்கி உள்ளூரில் விற்றுவிட்டுப் புதிதாகத் தொடங்கினார்கள்; சந்தேகத்துக்குரிய சரக்கைக் குளிர் காப்பாற்றும் என்று நம்பவில்லை. முதல் பயணத்தில் உறையவைத்த வேலையும் கப்பலிலேயே நடந்தது உண்மைதான். ஆனால் அந்த ஏற்பாடு நெடுநாள் நீடிக்கவில்லை. அதே 1882இல் டனீடின் நகருக்கருகே பர்ன்சைடில் உறையாலை தொடங்கியது, பிறகு நாடெங்கும். குளிரை உண்டாக்கும் வேலை கரையேறியது, கப்பலிடம் காவல் வேலை மட்டும் மிஞ்சியது. இன்றைய ரீஃபர் கண்டெய்னர் செய்வதும் அந்தக் காவல் வேலைதான்.

வாழைக்கு இந்த வழி ஒத்துவராது, அதை உறையவைக்க முடியாது. அதனால் வாழை வணிகம் குளிருக்குப் பதில் நேரத்தைக் கட்டுப்படுத்தியது. 1901இல் 'போர்ட் மொரான்ட்' கப்பல் ஜமைக்கா வாழையைக் குளிர் அறையில் வைத்து இங்கிலாந்தின் ஏவன்மவுத்துக்குக் கொண்டுபோனது. 1899இல் உருவான யுனைடெட் ஃப்ரூட் கம்பெனி மத்திய அமெரிக்காவில் தோட்டம், ரயில், துறைமுகம், கப்பல் எல்லாவற்றையும் தனதாக்கிக்கொண்டது. அந்தப் பட்டியலில் பலரும் கவனிக்காத ஒன்று வானொலித் தந்தி. 1904இலேயே கோஸ்டா ரிகாவின் லிமோனிலும் பனாமாவின் பொகாஸ் தெல் தோரோவிலும் நிலையங்கள் அமைத்து, பின்னர் அதற்கென்றே தனிக் கம்பெனி தொடங்கியது. ஒரு பழ வியாபாரிக்கு வானொலி எதற்கு? கப்பல் எப்போது வந்து சேரும் என்று திட்டமாகத் தெரிந்தால்தான் தார் வெட்ட உத்தரவு போடமுடியும். ஒரு நாள் முன்னால் வெட்டினால் காய் கரையில் கிடந்து வயதாகும்; ஒரு நாள் பின்னால் வெட்டினால் கப்பல் காலியாகக் காத்திருக்கும்.

இங்கே என் வாதத்துக்கு எதிராக ஒரு வலுவான சான்று இருக்கிறது. துறையில் உள்ளவர்கள் உடனே அதைத்தான் எடுத்து வைப்பார்கள். ஈக்வடாரிலும் மத்திய அமெரிக்காவிலும் நிறைய வாழைக்காயை முன்குளிர்விக்காமலே, 25 டிகிரிக்கு மேலான சூட்டோடு, பெட்டியில் அடைக்கும் பேக் ஹவுஸில் இருந்து நேரே ரீஃபரில் ஏற்றுகிறார்கள். கையேடுகள் கூடாது என்று சொல்வதை உலகின் பெரிய வாழை வணிகமே தினமும் செய்கிறது. அப்படியானால் பெட்டியே குளிரவைக்கிறதே? குளிரவைக்கிறது, ஆனால் எதை என்று பார்க்க வேண்டும். அங்கே மரம் குலைதள்ளி, தாருக்கு உறை மாட்டிய வாரத்தில் ஒரு வண்ண நாடா கட்டுகிறார்கள். இந்த வாரம் நீலம், அடுத்த வாரம் சிவப்பு, அதற்கடுத்து மஞ்சள். பத்து, பன்னிரண்டு வாரம் கழித்து வெட்டுக்குப் போகிறவன் மரத்தை அண்ணாந்து பார்த்து வயதை யூகிப்பதில்லை. இன்று என்ன நிற நாடாவோ அதைத் தேடிப் போகிறான். குறிப்பிட்ட சீப்பின் நடுக்காயில் அளவுகருவியை வைத்துப் பருமனைச் சரிபார்க்கிறான். வெட்டிய தார் தரையைத் தொடுவதில்லை. கம்பிப்பாதையில் தொங்கியபடியே கொட்டகைக்கு வருகிறது. சீப்புகளைப் பிரித்துத் தொட்டித் தண்ணீரில் பால் வடியவிட்டு, கழுவி, துளைகள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் பெட்டியில் அடுக்கி, வெட்டிய அன்றே கதவை மூடிவிடுகிறார்கள். ஈக்வடாரில் மச்சாலாவின் தோட்டங்களுக்கும் புவெர்ட்டோ பொலிவார் துறைமுகத்துக்கும் இடையே பெரிய தூரம் இல்லை. சூடான காயை ஏற்றுவதால் பச்சையாக இருக்கும் நாள்களில் ஒன்றிரண்டு குறையும் என்பது அவர்களுக்குத் தெரியும். கையிருப்பு எத்தனை நாள் என்று அறிந்திருப்பதால் அந்தச் செலவைத் தெரிந்தே செய்கிறார்கள். முன்குளிர்விப்பு என்ற இயந்திரம் அங்கே இல்லை. அதன் இடத்தில் நாடாவும் நேரமும் இருக்கின்றன. இந்தச் சான்று என் வாதத்தை உடைக்கவில்லை, இன்னும் கூர்மையாக்குகிறது.

வயது தெரிந்திருப்பதைவிட முக்கியம் எல்லாக் காய்க்கும் ஒரே வயதாக இருப்பது. ஐரோப்பாவில் வாழைக்காய் இறங்கியதும் பழுக்கவைக்கும் அறைக்குப் போகும். அங்கே எத்திலீன் வாயு கொடுத்து, ஒன்று முதல் ஏழு வரையிலான வண்ணப் படிகளில் வாடிக்கையாளர் கேட்ட படிக்கு நாலு முதல் ஏழு நாளில் கொண்டுவருவார்கள். அறை முழுதும் ஒன்றுபோலப் பச்சையாக இருந்தால்தான் இது நடக்கும். நூறு பெட்டியில் ஒரு பெட்டியில் வயது முற்றிய சீப்பு ஒன்று இருந்தால் போதும். அது நடுக்கடலிலேயே பழுக்கத் தொடங்கும். அது விடும் எத்திலீன் அக்கம்பக்கத்துக் காய்களையும் தூண்டிவிடும். இறங்கும்போது கண்டெய்னரில் பச்சையும் மஞ்சளும் கலந்திருந்தால் இறக்குமதியாளர் மொத்தத்தையும் தள்ளுபடி விலைக்குக் கேட்பார், அல்லது வேண்டாம் என்பார். பிறகு வழியில் வெப்பநிலையைப் பதிந்த டேட்டா லாகரை எடுத்துப் பார்ப்பார்கள். வழி நெடுக 13.5 டிகிரி சீராக இருந்தது என்று அது காட்டும். கப்பல் கம்பெனி தன் கடமையைச் செய்துவிட்டது, நட்டம் அனுப்பியவருடையது.

இந்த இடத்தில் தமிழ்நாட்டு வாழையின் நிலையைப் பார்க்கலாம். தேனி, திருச்சி, தூத்துக்குடி மாவட்டங்களில் வாழை விற்பனை பெரும்பாலும் தார்க்கணக்கில் நடக்கிறது. வியாபாரி தோட்டத்துக்கு வந்து பார்த்து விலை பேசுகிறார். எப்போது வெட்டுவது என்பதைச் சந்தை விலை தீர்மானிக்கிறது. விலை ஏறினால் இளசாக இருந்தாலும் வெட்டு; விலை இறங்கினால் இன்னும் ஒரு வாரம் மரத்தில் நிற்கட்டும். உள்ளூர்ச் சந்தைக்கு இது புத்திசாலித்தனமான ஏற்பாடுதான். இரண்டு, மூன்று நாளில் தின்று தீரும் பழத்துக்குத் துல்லியமான வயது எதற்கு? லாரியில் வாழைச்சருகு போட்டு அடுக்கும்போது விழும் கீறலும் அங்கே பெரிய குறையாகத் தெரியாது. ஆனால் மூன்று வாரம் கடலில் போகவேண்டிய காய்க்கு இந்த ஏற்பாட்டில் இடமே இல்லை. இதை உணர்ந்து மாறிய இடங்களில் வணிகமும் மாறியிருக்கிறது. திசு வளர்ப்பு முறையில் உருவான ஜி9 ரக வாழைக் கன்றுகளை ஒரே நாளில் நட்டால் தோட்டம் முழுதும் சில வார இடைவெளிக்குள் குலைதள்ளும். குளத்தில் ஒரே நாளில் குஞ்சு விடுவதற்கு நிகரான ஏற்பாடு அது. மகாராஷ்டிரத்தின் சோலாப்பூர், ஜல்காவ் பகுதிகளும் நம் தேனியும் வளைகுடா நாடுகளுக்குக் கப்பலில் வாழை அனுப்புவதற்கு அடித்தளம் இதுதான். 2021இல் கேரளம் நேந்திரனை லண்டனுக்குக் கப்பலில் அனுப்பிப் பார்த்தது. எந்த முதிர்வில் வெட்டுவது, எப்படிக் கழுவி அடுக்குவது என்ற நெறிமுறை திருச்சியில் உள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தில் உருவானது. 2023 கடைசியில் மகாராஷ்டிரத்தில் இருந்து நெதர்லாந்துக்குச் சோதனைச் சரக்கு போனது. சோதனையாக ஒரு கண்டெய்னரை நல்லபடி அனுப்ப முடியும் என்பது இரண்டிலும் நிரூபணமானது. வாராவாரம் அதையே செய்வதற்குத்தான் நாடாவும் பதிவேடும் வேண்டும்.

தூரத்தைச் சொல்பவர்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். 2023 நவம்பருக்குப் பிறகு செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டு, பெரிய கம்பெனிகள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போகத் தொடங்கியதும் இந்தியாவில் இருந்து ஐரோப்பாவுக்குப் போகும் நாள் பத்து முதல் பதினான்கு வரை கூடியது. மூன்று, நாலு வாரத்துக்குக் கணக்குப் போட்ட வாழைக்கு இது பெரிய அடி. அதை மறுக்கவில்லை. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டுகளில் சூயஸ் திறந்துதானே இருந்தது? ஈக்வடாரின் குயாக்கிலில் இருந்து பனாமா வழியாக ஐரோப்பா மூன்று வாரம். மும்பையில் இருந்து அதைவிட வெகுவாகக் கூடுதல் இல்லை. நியூசிலாந்தோ ஐரோப்பாவில் இருந்து உலகின் மறுகோடியில் இருக்கிறது. அங்கிருந்து உறையவைக்காத, வெறுமனே குளிரவைத்த ஆட்டிறைச்சி வெற்றிட உறையில் மைனஸ் ஒன்றரை டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் கப்பலேறி வாரக்கணக்கில் பயணித்து ஐரோப்பிய சூப்பர் மார்க்கெட்டுக்கு வருகிறது. தூரம் கூடக்கூடத் தொடக்கத்தில் செய்த பிழைக்கு மன்னிப்புக் குறைகிறது. தூரத்தின் வேலை அவ்வளவே.

தொழில்நுட்பத்தை நம்புகிறவர்களின் மறுப்பு இன்னும் கவர்ச்சியானது. ஆக்சிஜனை இரண்டு முதல் ஐந்து விழுக்காட்டுக்குக் குறைத்து, கார்பன் டை ஆக்சைடைக் கூட்டி, காயின் மூச்சையே அடக்கும் கண்டெய்னர்கள் வந்துவிட்டன. நடுக்கடலில் இருக்கும் பெட்டியின் வெப்பத்தைச் செயற்கைக்கோள் வழியாக அலுவலகத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். இவை உண்மையிலேயே பயனுள்ளவை. தூரமான சந்தைக்கு அவசியமும் கூட. ஆனால் பழுக்கத் தொடங்கிவிட்ட காயை இவற்றால் மறுபடி காயாக்க முடியாது. வயது கலந்த சரக்கை இந்த விலையுயர்ந்த பெட்டியில் போட்டால், சாதாரணப் பெட்டியில் கெடுவதைவிடக் கூடுதல் வாடகை கட்டிக் கெடும். திரையில் வெப்பநிலைக் கோடு நேராகப் போவதைப் பார்த்துக்கொண்டே நட்டப்படலாம்.

எனக்கே தயக்கம் தரும் மறுப்பு வேறு. மத்திய அமெரிக்காவில் இந்தக் கட்டுப்பாடு எப்படி வந்தது? ஒரே கம்பெனி நிலத்தையும் ரயிலையும் ஆளையும் கைப்பற்றியதால் வந்தது. 1928இல் கொலம்பியாவின் சியனாகாவில் வேலைநிறுத்தம் செய்த வாழைத் தொழிலாளர்களை ராணுவம் சுட்டுக்கொன்றதும், 1954இல் குவாத்தமாலாவில் ஆட்சி கவிழ்க்கப்பட்டதும் அந்த வரலாற்றின் பகுதி. ஒன்றிரண்டு ஏக்கர் வைத்திருக்கும் நம் விவசாயியிடம் நாடா கட்டு, நாள் குறி என்று சொல்வது அவரையும் ஏதோவொரு கம்பெனியின் கைக்குள் தள்ளுவதாக முடியாதா? முடியலாம். ஒப்பந்த சாகுபடி என்ற பெயரில் அது நடப்பதற்கான வாய்ப்பும் இருக்கிறது. ஆனால் கட்டுப்பாடும் ஏகபோகமும் ஒன்றுதான் என்பதற்கு ஆதாரம் இல்லை. நியூசிலாந்தின் கிவிப் பழம் எதிர்ச்சான்று. ஜெஸ்ப்ரி என்ற ஏற்றுமதி நிறுவனம் விவசாயிகளுக்கே சொந்தமானது. அங்கே தோட்டக்காரர் தன் இஷ்டத்துக்குப் பறிக்க முடியாது. சுயேச்சையான ஆய்வகம் மாதிரி எடுத்து, உலர்பொருள் அளவையும் முதிர்வையும் சோதித்து, பறிக்கலாம் என்று சான்று தந்த பிறகுதான் பறிப்பு. கட்டுப்பாடு உண்டு, ஆனால் அது யாரோ திணித்தது அல்ல. தாங்களே ஏற்படுத்திக்கொண்ட விதி. டொமினிகன் குடியரசிலும் சிறு விவசாயிகளின் சங்கங்கள் வாழையை ஐரோப்பாவுக்கு அனுப்புகின்றன. வயதை அறியும் அறிவு கம்பெனியின் சொத்தாக இருந்தால் விவசாயி கூலியாள். சங்கத்தின் சொத்தாக இருந்தால் அவர் பேரம் பேசக்கூடியவர்.

நம் மக்கள் தின்னும் பழத்தை எதற்கு அனுப்பவேண்டும் என்று கேட்பவர்களும் உண்டு. நியாயமான கேள்வி. இந்தியா ஈக்வடார் ஆகவேண்டியதில்லை, ஆகவும் கூடாது என்பதே என் எண்ணம். ரஸ்தாளியும் பூவனும் கற்பூரவள்ளியும் கப்பலுக்காகப் பிறந்தவை அல்ல. ஜி9 பரவப் பரவ அவை ஒதுங்குவதைக் கவலையோடு பார்க்கவேண்டும். ஆனால் விலை சரியும் பருவத்தில் தாரை மரத்திலேயே விட்டுவிடும் விவசாயிக்குக் கடலுக்கு அப்பால் ஒரு சந்தை இருப்பது உள்ளூர் வியாபாரியிடம் பேச ஒரு பிடி. அந்தப் பிடிக்காக மொத்த விளைச்சலில் சிறு பங்கு போனால் போதும். இன்னொன்றும் உண்டு. தாரின் வயது தெரிந்தால் அதனால் உள்ளூர் மண்டிக்கும் லாபம்தான்; பழுக்கவைக்கும் அறைகள் இப்போது நம் ஊர்களிலும் பெருகிவிட்டன.

அரசின் மானியம் பெரும்பாலும் கட்டடத்துக்கும் இயந்திரத்துக்கும் போகிறது: குளிர்கிடங்கு, முன்குளிர்விப்பு அறை, ரீஃபர் வண்டி. திறப்பு விழா நடத்தவும் பலகை வைக்கவும் அவை வசதியானவை. அவை வேண்டாம் என்று சொல்லவில்லை. வரிசைதான் தவறு. தோட்டக்கலைத் துறையும் ஏற்றுமதி வாரியமும் தேனியிலோ திருச்சியிலோ உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, உறை மாட்டும் வாரத்தில் நாடா கட்டுவதையும், வெட்டிய நேரத்தை ஒவ்வொரு பெட்டியிலும் எழுதுவதையும், வியாபாரிக்கும் விவசாயிக்கும் பொதுவான ஒருவர் முதிர்வைச் சோதித்துச் சான்று தருவதையும் இரண்டு பருவம் தொடர்ந்து நடத்திக் காட்டட்டும். அந்தப் பதிவேடு கைக்கு வந்தபின் அடுத்த குளிர்கிடங்குக்குப் பணம் ஒதுக்கலாம்.